கல்லூரிப் பட்டியல் எழுதும் வேளை

 

பிளஸ் டூ வகுப்பில் பிள்ளை படிக்கும் வீடுகளில், அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே ஒரு பேச்சு தொடங்கிவிடும். "அடுத்து எந்தக் கல்லூரி?" என்பதே அப்பேச்சு. அத்தா ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்வார். பெரியத்தா தம் நண்பரின் மகன் படித்த கல்லூரியைப் புகழ்வார். மாமா, "கம்ப்யூட்டர் படித்தால்தான் வேலை" என்பார். வெளிநாட்டிலிருந்து மச்சான் தொலைபேசியில் வேறொன்றைச் சொல்வார். எல்லாரும் பேசி ஓய்ந்தபின், "முதலில் மார்க்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்தச் சொல்தான் நம் பிள்ளைகளுக்குப் பல வாசல்களை அடைத்துவிடுகிறது. ஏனெனில், மதிப்பெண் வந்தபின் திறக்கும் வாசல்கள் சில. மதிப்பெண் வருவதற்கு முன்பே திறந்து, முன்பே மூடிவிடும் வாசல்கள் பல. இந்த வேறுபாட்டை அறியாத வீட்டில், பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும், அதன் முன்னால் மிஞ்சியிருப்பது பாதி உலகமே. இவ்விதழில் திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் கண்முன் வைத்து, விண்ணப்பப் பட்டியல் எழுதுவது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். பிற ஊர் வாசகர்கள் தத்தம் ஊருக்கு ஏற்ப இதனை மாற்றிக்கொள்ளலாம்.

முன்பே மூடும் வாசல்கள்

தமிழகத்தில் பொறியியல் படிப்புக்கான மாநில நுழைவுத் தேர்வு, 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதுமுதல் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே கலந்தாய்வு நடைபெறுகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளும், அரசு உதவிபெறும் கல்லூரிகளும், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பும் அப்படியே. இவற்றுக்கு மே மாதம் தேர்வு முடிவு வெளிவரும் நாட்களை ஒட்டி விண்ணப்பித்தால் போதும். நம் மக்கள் நன்கு அறிந்த வாசல் இது ஒன்றே.

ஆனால், மருத்துவத்திற்கு நீட் தேர்வு வேண்டும். 2017 முதல் தமிழகத்திலும் அது கட்டாயமாயிற்று. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. முதலான மத்திய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. தேர்வு வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் கியூட் எனப்படும் பொது நுழைவுத் தேர்வு வந்துள்ளது. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புவோர் கிளாட் தேர்வு எழுத வேண்டும்; அண்மை ஆண்டுகளில் அத்தேர்வு டிசம்பர் மாதத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பும் நாள், பிளஸ் டூ முடிவுக்குப் பல மாதங்கள் முன்னரே கடந்துவிடும். "மார்க்கு வரட்டும்" என்று காத்திருந்தவர்க்கு, மார்க்கு வந்த அன்று இவ்வாசல்கள் இருந்தனவா என்பதே தெரியாது.

ஆகவே, பட்டியலின் முதல் வேலை கல்லூரியின் பெயரை எழுதுவதன்று, வாசலை எழுதுவது. எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு, அதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதை டிசம்பர் மாதத்திற்குள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

கலாம் கற்ற பாடம்

படிப்பா, கல்லூரியா, எதை முதலில் தேர்வது என்று கேட்பவர்க்கு, முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் வாழ்வே விடை கூறும். இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் பயின்ற அவர், 1950ஆம் ஆண்டு திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்தார். பெயர்பெற்ற கல்லூரி, சிறந்த ஆசிரியர்கள். இன்டர்மீடியட் முடித்து, அங்கேயே இயற்பியலில் பட்டமும் பெற்றார். ஆனால், அந்தப் பட்டப் படிப்பின் இறுதிக் கட்டத்தில்தான், தாம் நாடிய துறை இயற்பியல் அன்று, பொறியியலே என்று அவருக்குப் புலப்பட்டது. இன்டர்மீடியட் முடித்தவுடனேயே பொறியியலுக்குப் போயிருக்கலாமே என்பதைப் பின்னாளில் தம் சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

பின்னர் அவர் சென்னை, குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் இடம் பெற்றார். சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அத்தொகை அக்காலத்தில் அக்குடும்பத்திற்கு எட்டாத தொகை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பழைய விமானங்களைக் கண்டு மனம் பறிகொடுத்தே விமானப் பொறியியலை அவர் தேர்ந்துகொண்டார்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? நல்ல கல்லூரி என்ற ஒன்றே போதாது; அங்கே பயிலும் பாடம் நம் நாட்டத்திற்கு உரியதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கலாம் அவர்களுக்கு வழிகாட்ட அன்று ஆளில்லை. இராமேசுவரத் தீவில் தொழிற்கல்விக்கு எந்த வழியில் போவது என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? இன்று பேகம்பூரிலும் நத்தத்திலும் வத்தலக்குண்டிலும் அந்த நிலை இருக்க வேண்டியதில்லை.

திண்டுக்கல்லைச் சுற்றி

1985 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது திண்டுக்கல் மாவட்டம். ஒரு காலத்தில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களின் பெயரையும் தாங்கி நின்றது. பூட்டுக்கும் தோலுக்கும் பெயர்பெற்ற இவ்வூரார் பலருக்கு, கல்விக்கு இங்கே என்னென்ன உண்டு என்பது முழுமையாகத் தெரிவதில்லை.

நகரில் மகளிர்க்கென எம்.வி. முத்தையா அரசு கலைக் கல்லூரி உள்ளது. ஆடவரும் பெண்டிரும் பயிலும் ஜி.டி.என். கலைக் கல்லூரி உள்ளது. பொறியியலுக்கு 1984இல் தொடங்கிய பி.எஸ்.என்.ஏ. கல்லூரி உள்ளது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று திண்டுக்கல்லுக்குக் கிடைத்தது. பழனியில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே கலைக் கல்லூரிகள் உள்ளன. கொடைக்கானலில் 1984இல் அமைந்த அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது.

சின்னாளபட்டிக்கு அருகே, மதுரை சாலையில் அமைந்த காந்திகிராமம் தனிச் சிறப்புக்குரியது. 1956இல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மத்திய அரசின் நிதியில் இயங்குவதால் அங்கே கட்டணம் குறைவு. கூட்டுறவு, ஊரக வளர்ச்சி, மனையியல் போன்ற, பிற கல்லூரிகளில் எளிதில் காண முடியாத துறைகளும் உண்டு. வடமாநிலத்து மாணவர்கள் தேடி வரும் இந்நிறுவனத்தை, பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நம் வீடுகளில் பட்டியலில் சேர்ப்பவர் எத்தனை பேர்?

சற்று வெளியே நோக்கினால், திண்டுக்கல் ஒரு ரயில் சந்திப்பு என்பது நினைவுக்கு வர வேண்டும். மதுரை, திருச்சி, கரூர், பழனி என நான்கு திசைக்கும் இங்கிருந்து ரயில் செல்கிறது. மதுரை சுமார் 65 கிலோமீட்டர். திருச்சி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, மகளிர்க்கான லேடி டோக், பாத்திமா கல்லூரிகள், தியாகராசர் பொறியியல் கல்லூரி, வேளாண்மைக் கல்லூரி, அரசு சட்டக் கல்லூரி யாவும் மதுரையில் இருக்கின்றன.

நம் சமுதாயப் பெரியோர்கள் கண்ட கல்லூரிகளும் இந்த எல்லைக்குள் உள்ளன. ஹாஜி ஜமால் முகம்மது சாகிப் அவர்களும் ஹாஜி காஜாமியான் ராவுத்தர் அவர்களும் 1951இல் திருச்சியில் நிறுவிய ஜமால் முகம்மது கல்லூரியில் இன்று பெண்களும் பயில்கின்றனர். உத்தமபாளையத்தில் 1956இல் எழுந்த ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரிக்கு வத்தலக்குண்டு, தேனி வழியாகப் பேருந்தில் செல்லலாம். மதுரையில் வக்ஃபு வாரியக் கல்லூரி இருக்கிறது. தென்கோடியில் பாளையங்கோட்டை சதக்கத்துல்லா அப்பா கல்லூரியும், சென்னையில் 1951இல் தொடங்கிய புதுக்கல்லூரியும், மகளிர்க்கென 1955இல் தொடங்கப்பட்டு எஸ்.ஐ.இ.டி. என வழங்கும் கல்லூரியும் உள்ளன. நம்மவர் நடத்துகிறார்கள் என்பதற்காக மட்டும் ஒரு கல்லூரியைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். நம் பிள்ளை விரும்பும் பாடம் அங்கே சிறப்பாக நடக்கிறதா என்று பார்த்துச் சேர்க்கட்டும்.

குடும்பத் தொழிலும் பட்டமும்

"கடையிருக்கிறது, இவன் படித்து என்ன செய்யப் போகிறான்?" என்ற பேச்சு ஆண்பிள்ளைகளைப் பற்றி எழுகிறது. தொழில் இருப்பது படிப்புக்குத் தடையன்று. எந்தப் படிப்பு என்று காட்டும் கைகாட்டியே அது.

திண்டுக்கல்லில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்ட குடும்பங்கள் பல. அக்குடும்பத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். பட்டமே உண்டு என்பது தெரியும்? சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு அப்படிப்பு நடைபெறுகிறது. பொறியியல் கலந்தாய்விலேயே அதற்கும் இடம் கேட்கலாம். தொழிற்கழிவால் நிலமும் நீரும் கெட்டு, தொழிலே நலிந்ததைக் கண்ணால் கண்ட ஊர் இது. கழிவைக் குறைத்துத் தோல் பதனிடும் வழியை நம் பிள்ளைகளில் ஒருவர் கற்று வந்தால், அது அக்குடும்பத்துக்கு மட்டுமா நன்மை?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலும் நிலக்கோட்டைப் பூச்சந்தையிலும் வணிகம் செய்யும் வீட்டார், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியையும், தஞ்சாவூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பின்னதற்கு ஜே.இ.இ. தேர்வு வேண்டும் என்பதை மறவாதீர்கள். உணவகம் நடத்துவோர் வீட்டுப் பிள்ளைக்கு வணிகவியலும் உணவக மேலாண்மையும் இருக்கின்றன. தந்தையின் தொழிலை விட்டு ஓடுவதற்காக மட்டும் படிப்பதில்லை. அதைத் தூக்கி நிறுத்துவதற்காகவும் படிக்கலாம்.

மகளின் பட்டியல்

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். அண்ணனும் தங்கையும் உள்ள வீடு. இருவரும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெறக்கூடியவர்கள். அண்ணன் பிளஸ் டூ படித்தபோது சென்னை, கோவை, திருச்சி, மதுரை என எட்டுக் கல்லூரிகள் பட்டியலில் இருந்தன. தங்கையின் முறை வந்தபோது பட்டியலில் ஒரே ஒரு பெயர். வீட்டுக்கு மிக அருகிலுள்ள கல்லூரி. அங்கே அவள் விரும்பிய பாடம் இல்லை. "இருக்கும் பாடத்தைப் படிக்கட்டும்" என்று முடிவாகிறது. இது எந்த ஒரு வீட்டின் கதையும் அன்று. பல வீடுகளின் கதை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அருகிலுள்ள கல்லூரி தாழ்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அவள் விரும்பும் பாடம் அங்கே இருந்து, ஆசிரியர்களும் நன்கு அமைந்திருந்தால் அதுவே முதலிடம் பெறட்டும். ஆனால், பாடத்தைப் பார்க்காமல் தூரத்தை மட்டும் பார்த்து எழுதிய பட்டியல், பட்டியலே அன்று.

பெற்றோரின் கவலையில் நியாயம் இருக்கிறது. பாதுகாப்பு, விடுதி, பயணம், மார்க்க ஒழுக்கங்களைப் பேணும் சூழல் என்பன வீண் அச்சங்கள் அல்ல. எனினும் அந்தக் கவலைகளைக் கேள்விகளாக மாற்றுங்கள்; விடை தேடுங்கள். கல்லூரிக்குள்ளேயே மகளிர் விடுதி உண்டா? காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா? கடைசி வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது. அதன்பின் ஊருக்கு எந்தப் பேருந்து அல்லது ரயில் இருக்கிறது? நம் ஊர்ப் பெண்கள் யாரேனும் அங்கே படிக்கிறார்களா? இவற்றைக் கேட்டறிய ஒரு நாள் தாயும் தந்தையும் மகளை அழைத்துக்கொண்டு நேரில் சென்றுவந்தால் போதும். பார்த்துவிட்டு "வேண்டாம்" என்று சொல்வது வேறு. பாராமலே சொல்வது வேறு.

காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் டி.எஸ். சௌந்தரம் அம்மையாரின் வரலாறு இவ்வூரார் அறிய வேண்டியது. 1904இல் பிறந்த அவர், இளம் வயதிலேயே மணமாகிக் கணவரை இழந்தார். விதவைப் பெண் வீட்டு மூலையில் இருக்க வேண்டும் என்று உலகம் சொன்ன காலம் அது. அவருடைய பெற்றோர் அவரைத் தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினர். 1936இல் மருத்துவப் பட்டத்துடன் வந்தார். 1947இல் ஜி. இராமச்சந்திரன் அவர்களுடன் சேர்ந்து காந்திகிராமத்தைக் கண்டார். 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று, மத்தியக் கல்வித் துறையின் துணை அமைச்சராகவும் ஆனார். அன்று ஒரு தந்தை மகளை ரயிலேற்றி அனுப்பியதன் பயனை இன்றும் இம்மாவட்டம் அனுபவிக்கிறது.

உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989இல் பதவியேற்ற எம். பாத்திமா பீவி அவர்களையும் நினைவுகூர வேண்டும். பத்தனம்திட்டாவைச் சேர்ந்த அவர், திருவனந்தபுரத்தில் வேதியியல் பட்டம் பெற்றார். மேற்கொண்டு சட்டம் படிக்குமாறு அவரைத் தூண்டியவர் தந்தை மீரா சாகிப் அவர்களே. அன்னா சாண்டி என்ற பெண்மணி நீதித்துறையில் உயர்ந்ததைக் கண்டு, "என் மகளும் இவ்வாறு வரவேண்டும்" என்று விரும்பிய தந்தை அவர். அம்மகள் 1997இல் தமிழகத்தின் ஆளுநராகவும் வந்தார்.

சலுகைகளும் சான்றிதழ்களும்

தமிழகத்தில் 2007ஆம் ஆண்டு முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உள்ளது. அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிளா, ஷேக், சையது ஆகிய பிரிவினர் இதில் அடங்குவர். சாதிச் சான்றிதழில் வெறுமனே "முஸ்லிம்" என்றிராமல் பிரிவின் பெயர் சரியாக இருக்க வேண்டும். மத்திய நிறுவனங்களுக்கு மாநிலச் சான்றிதழ் போதாது, ஓ.பி.சி. பிரிவுக்கான மத்திய அரசின் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற குறிப்புடன் தனியே பெற வேண்டும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021ஆம் ஆண்டிலும் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு வழங்கப்பட்டது. பதினொன்றாம் வகுப்பில் "நல்ல பள்ளி" என்று தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், கைவிட்டுப் போவது எது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. இத்தகைய திட்டங்களின் விதிகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் நிலையைக் கேட்டறிந்து செயல்படுங்கள்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குச் செல்பவர்க்கு, கலந்தாய்வின் வழியே தொழிற்கல்வியில் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அண்ணன் பட்டம் பெற்றுவிட்ட வீட்டில் தங்கைக்கு இச்சலுகை இல்லை. ஆகவே, மூத்தவனுக்குக் கட்டணம் குறைவான கலைக் கல்லூரியும், இளையவளுக்குப் பொறியியலும் என்று எண்ணியிருக்கும் வீட்டார், இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

இன்னொன்று, சிறிதாகத் தோன்றும் பெரிய செய்தி. முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் வேறுவிதம். முன்னெழுத்தும் இடம் மாறியிருக்கும். கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் இவை ஒத்துப்போகாமல் அலைய நேரிடலாம். பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்பே பள்ளியில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

பட்டியலை எழுதும் முறை

இனித் தாளையும் பேனாவையும் எடுங்கள். படிப்பு, கல்லூரி, சேர்க்கை முறை, கடைசி நாள், மொத்தச் செலவு, பயண நேரம் என ஆறு கட்டங்கள் வரையுங்கள். எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும். பெரியவர்கள் உடனிருந்து பேசட்டும்.

பொறியியலுக்குத் தகுதி மதிப்பெண் கணக்கிடுவது எளிது. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகக் குறைக்கப்பட்டு, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 பெற்றால், 92, 42, 44 ஆகியவற்றைக் கூட்ட 178 வரும். அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே இதை ஓரளவு மதிப்பிடலாம். சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்ற விவரம் வெளியிடப்படுகிறது. அதில் பொதுப் பிரிவை மட்டும் பார்த்து மனம் தளராமல், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவுக்கான கட்டத்தையும் பாருங்கள்.

பிறகு கல்லூரிகளை மூன்றாகப் பிரியுங்கள். முயன்றால் கிட்டக்கூடியவை சில. நம் மதிப்பெண்ணுக்குப் பொருத்தமானவை சில. உறுதியாகக் கிடைக்கக்கூடியவை சில. முதல் வகை மட்டும் எழுதுபவர் ஏமாறுவார். மூன்றாம் வகை மட்டும் எழுதுபவர் தம் தகுதிக்குக் குறைந்ததோடு நின்றுவிடுவார். இங்கிலாந்தில் ஒரு மாணவர் பொது விண்ணப்பத்தில் ஐந்து இடங்களை மட்டுமே குறிப்பிட முடியும். நம் பொறியியல் கலந்தாய்விலோ விருப்பங்களை எத்தனை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். அதற்கெனத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் வரிசையே விதி. உண்மையாக விரும்புவதை மேலே எழுதுங்கள். "கிடைக்காது" என்று எண்ணிக் கீழே தள்ளாதீர்கள். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்தது தானே வரும்; கீழே எழுதியது மேலே ஏறி வராது.

கலைக் கல்லூரிகளில் ஒரே வளாகத்தில் அரசு உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். பாடத்தின் பெயர் ஒன்றே. கட்டணம் பன்மடங்கு வேறுபடும். எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்பதை எழுதும்போதே பாருங்கள். ஓர் ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டு மகிழாமல், மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கும் கல்வி, தேர்வு, விடுதி, பயணம் எனக் கூட்டிப் பாருங்கள். வட்டிக் கடனுக்கு அஞ்சும் குடும்பங்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டால்தான், உறவினரிடமும் ஜமாஅத்தின் பைத்துல்மாலிடமும் காலத்தோடு கேட்க முடியும். கடைசி நாளன்று கேட்டால் கொடுக்க மனமுள்ளவரிடமும் பணம் இராது.

அங்கீகாரத்தையும் பாருங்கள். பொறியியலுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, செவிலியர் படிப்புக்குச் செவிலியர் மன்றம், பட்டம் வழங்கும் நிறுவனத்திற்குப் பல்கலைக்கழக மானியக் குழு என ஒவ்வொன்றுக்கும் உரிய அங்கீகாரம் வேண்டும். "உடனே சேர்ந்தால் கட்டணத்தில் பாதி" என்று வீடு தேடி வரும் முகவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை அவரிடம் ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள்.

ஜமாஅத்தார்க்கு ஒரு வேண்டுகோள்

2006இல் வெளியான நீதியரசர் சச்சார் குழுவின் அறிக்கை, நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளில் இளநிலை மாணவர் 25 பேரில் ஒருவரே முஸ்லிம் என்று கூறிற்று. அந்த அறிக்கையைக் காட்டிக் கூட்டங்களில் பேசியது போதும். விண்ணப்பிக்காத இடத்தில் எவருக்கும் இடம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் டிசம்பர் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளையும், பெண்பிள்ளைகளையும் விட்டுவிடாமல், பெற்றோருடன் அழையுங்கள். அந்த ஊரிலேயே கல்லூரியில் படிக்கும் இளைஞர்களும் இளம் பெண்களும் தம் கல்லூரியைப் பற்றி உள்ளதை உள்ளவாறு சொல்லட்டும். விண்ணப்பக் கட்டணம் செலுத்த இயலாதவர்க்கு அதை மட்டுமாவது ஜமாஅத் ஏற்கட்டும். ஒரு திருமண விருந்தில் வீணாகும் உணவின் விலைகூட ஆகாது.

மாணவக் கண்மணிகளே! பட்டியல் உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும். பெற்றோர் மறுக்கும் பெயரை மறைத்து எழுதாதீர்கள். காரணத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். பெற்றோர்களே! பிள்ளை சொல்லும் பெயரை அடிக்கும் முன், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னும் சில மாதங்களில் எழுதப்போகும் தேர்வு பிள்ளையின் அறிவைச் சோதிக்கும். இப்போது எழுதும் இந்தப் பட்டியலோ, பிள்ளையின் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கையைச் சோதிக்கிறது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் விடுதியில் சேரும் மாணவ மாணவியர் அறிய வேண்டியவற்றைக் காண்போம்.